பதினோரு நொடித் தண்ணீர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கனவில் வரவில்லை. மலையைச் சுற்றி நடக்கும்போதும் தோன்றவில்லை. எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில், வியாழக்கிழமை மதியம், ஒரு வாக்கெடுப்பாக வந்தது.

கேள்வி: சந்திரகலாவிடம் இனியும் பால் வாங்கலாமா?

பதில்கள்: (அ) வேண்டாம். (ஆ) வேண்டவே வேண்டாம்.

இது முறையில்லை என்று யாரோ எழுதியதும் புதிதாக இன்னொரு வாக்கெடுப்பு போட்டார்கள். அதில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. (இ) வாங்கலாம். காரணத்தை நூறு சொற்களுக்கு மிகாமல் எழுதவும்.

நீங்கள் வாசித்துக்கொண்டிருப்பது (இ)-க்காக நான் எழுதத் தொடங்கிய காரணம். நூறு சொல்லில் முடிந்திருக்க வேண்டியது. முப்பதாவது சொல்லிலேயே எனக்கு வானத்தின் நிறத்தைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அதன்பின் நிறுத்த முடியவில்லை.

எனக்கு இருபத்துநான்கு வயது. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் நம்புகிறார்கள். பொது அறிவுப் புத்தகத்துக்குள் மொழிபெயர்ப்பு நாவலை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்பதும் வீட்டில் தெரியும். இரண்டையும் ஒரே சமயத்தில் நம்புவது எங்கள் வீட்டுக்கே உரிய திறமை. வீடு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக மனை பிரித்த பகுதியில் இருக்கிறது. மாடியிலிருந்து பார்த்தால் மலை முழுதாகத் தெரியும். மனை விற்றவர் அதற்குத் தனியாக விலை போட்டார் என்று அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, கதை.

2

தொடக்கம் ஒன்று:

பனி விழுந்துகொண்டிருந்தது. வண்டிக் குதிரையின் மூக்கிலிருந்து வெள்ளை மூச்சு—

(அடித்துவிட்டேன். வேங்கிக்காலில் மார்கழியில் கொஞ்சம் பனி வரும். எட்டு மணிக்கு வெயில் அதைத் துடைத்துவிடும். குதிரை கிடையாது. டிவிஎஸ் எக்ஸெல் உண்டு.)

தொடக்கம் இரண்டு:

அண்ணாமலையின் அடிவாரத்தில், நூறு தலைமுறையாக மாடு மேய்த்த ஒரு குலத்தின் கடைசிப் பெண்—

(இதையும் அடித்துவிட்டேன். சந்திரகலா அக்கா எதற்கும் கடைசி இல்லை. அவருக்கு இரண்டு தங்கைகள். ஒருத்தி ஜவுளிக் கடையில் கேஷியர், இன்னொருத்தி நர்ஸ். அக்கா மாடு வாங்கி ஒன்பது வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் கிரிவலப் பாதையில் டிபன் கடை போட்டிருந்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி தோசை சுட்டுச் சுட்டு முட்டி போய்விட்டதால் மாட்டுக்கு மாறினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். "மாடு மாசத்துக்கு ஒரு நாள்னு வராது. தினம் வரும். கணக்கு சரியா இருக்கும்.")

தொடக்கம் மூன்று:

அடி அண்ணாமலையைச் சேர்ந்த சந்திரகலா, வயது முப்பத்தெட்டு, எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடுகளுக்குத் தினமும் காலையில் அரை லிட்டர் பால் ஊற்றிவந்தார். இந்தத் திங்கட்கிழமை பன்னிரண்டு வீடுகளும் நிறுத்திவிட்டன. நாளை ஞாயிறு மாலை வாக்கெடுப்பு முடிகிறது. முடிவு (அ) அல்லது (ஆ) என்றால், நாளை மறுநாள் தரகர் வந்து அவருடைய மூன்று மாடுகளையும் சந்தைக்கு ஓட்டிப்போவார்.

(இதில் வானத்தின் நிறம் இல்லை. ஆனாலும் இதையே வைத்துக்கொள்கிறேன்.)

3

பால் நம் வீட்டுக்கு மாட்டிலிருந்து வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அது திசை தெரியாதவர்கள் சொல்வது. எங்கள் தெருவில் பால் தொடங்குவது காபி டம்ளரில். அங்கிருந்து பின்னோக்கிப் போய், பாட்டிலை மாற்றி, வண்டியை மாற்றி, கடைசியில் மாட்டையே மாற்றும். நான் என் கண்ணால் பார்த்தேன்.

குழுவின் பெயர் 'தூய பால்'. அதன் நிர்வாகி பரசுராமன் சார், கடைசி வீடு, ஓய்வு பெற்ற கட்டடப் பொறியாளர். ஊர் ஊராகத் தண்ணீர்த் தொட்டி கட்டியவர்.

"கான்கிரீட் போட்டா ஒரு கட்டை வார்த்து, நசுக்கிப் பாத்துதான் பில் பாஸ் பண்ணுவோம். பால நசுக்க முடியாது. அதனால மீட்டர்" என்றார் முதல் கூட்டத்தில்.

மீட்டர் என்பது பாலில் மிதக்கவிடும் கண்ணாடிக் குழாய். அது எந்தக் கோடு வரை அமிழ்கிறதோ அந்த எண்தான் பாலின் அன்றைய நன்னடத்தை. இருபத்தெட்டுக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். தினமும் காலை ஏழு மணிக்கு எண்ணைப் படம் எடுத்துக் குழுவில் போடுவார். எண்ணுக்குக் கீழே பன்னிரண்டு வீடும் கைகூப்பும்.

முதல் வாரம் அக்கா பாலைக் கறந்த சூட்டோடு கொண்டுவந்தார். சூடான பாலில் மீட்டர் கூடுதலாக அமிழும். இருபத்தாறு. கலப்படம் என்று பேச்சு வந்தது. மறுநாளிலிருந்து அவர் கேனைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அரைமணி நேரம் நிறுத்தி ஆறவைத்துக் கொண்டுவந்தார். இருபத்தொன்பது. தெரு மகிழ்ந்தது. அன்று மாலையே என் அம்மா குழுவில் எழுதினாள்: "பால் ஜில்லுனு இருக்கு. நேத்துப் பாலா?"

அதன்பிறகு பரசுராமன் சாருக்கு மட்டும் ஆறிய பால், மற்ற வீடுகளுக்குச் சூடான பால் என்று அக்கா பிரித்துக்கொண்டார். ஒரே மாடு, இரண்டு தட்பவெப்பநிலை.

ஆடை தடிமனாகக் கட்ட வேண்டும் என்பது அம்மாவின் கோரிக்கை. மீட்டரும் குறையக் கூடாது என்பது சாரின் கோரிக்கை.

"கொழுப்பு ஜாஸ்தி ஆனா மீட்டர் கம்மியாதான் சார் காட்டும்" என்றார் அக்கா, வாசலில் நின்றபடி. "ஆடையும் வேணும், நம்பரும் வேணும்னா எப்டி?"

"அதெல்லாம் தியரிம்மா" என்றார் சார். "நீ பாலைக் கொண்டா."

மூன்றாவது வீட்டு ஆர்த்தி, பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவள், பிளாஸ்டிக் கேன் கூடாது என்றாள். கண்ணாடி பாட்டில் வந்தது. வேகத்தடையில் பாட்டிலோடு பாட்டில் இடித்து உடைந்ததால் அக்காவின் கணவர் வேடியப்பன் ஒரே தடவை வந்த வழியை இரண்டு தடவை வந்தார். ஏழாம் வீட்டுக்கு நுரை வேண்டும். ஒன்பதாம் வீட்டுக்கு மாட்டு வாசனை இல்லாத பால் வேண்டும். மாடு சம்பந்தப்பட்டிருக்கும் வரை இது கஷ்டம் என்று வேடியப்பன் சொன்னது குழுவில் பதிவாகவில்லை.

பிறகு ஆர்த்தி ஒரு காணொளி பகிர்ந்தாள். நாட்டு மாட்டுப் பால்தான் பால், மற்றதெல்லாம் வெள்ளைத் திரவம் என்று அதில் ஒரு மனிதர் காட்டில் நின்றுகொண்டு பேசினார். பன்னிரண்டு வீடும் ஒப்புக்கொண்டது. அக்காவிடம் இருந்தவை இரண்டு கலப்பின மாடுகள். வேளைக்கு ஒன்பது லிட்டர் கொடுப்பவை. எங்களுக்குப் போக மீதியை ஊர்ப் பால் சங்கத்தில் ஊற்றுவார். அவற்றை விற்றுவிட்டு மூன்று நாட்டு மாடுகள் வாங்கினார். ஒவ்வொன்றும் வேளைக்கு இரண்டரை லிட்டர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை தருவதாக நாங்கள் சொன்னோம், தந்தோம். அதில் பொய் இல்லை. ஆனால் சங்கத்து விலைக்கு ஊற்றினால் அந்த மூன்று மாடுகளும் தங்கள் தீனிக்கே சம்பாதிக்காது. எங்கள் தெரு மட்டுமே குடிக்கக்கூடிய பாலைத் தரும் மாடுகள் அவை. நாங்கள் குடிக்காவிட்டால் அவற்றுக்கு வேலை இல்லை.

[பக்கவாட்டில் ஒரு குறிப்பு: இந்த எதிர்பார்ப்புகளை எல்லாம் தொகுத்து, பதினான்கு அம்சங்களாக, நல்ல தமிழில் தட்டச்சு செய்தது நான். எனக்கு எழுத வரும் என்று அம்மா குழுவில் சொல்லியிருந்தாள். பதினான்காவது அம்சம்: 'மாடுகள் மலைச்சரிவில் மூலிகை மேய வேண்டும்.' இதை யாரும் கேட்கவில்லை. பட்டியல் வறட்சியாக முடிந்ததால் நானே சேர்த்தேன். சரிவில் மேய்க்க வனத்துறை விடாது. மாடுகள் வைக்கோலும் பிண்ணாக்கும் தின்றன. ஒப்பந்தப்படி மூலிகை தின்றன.]

4

ஒரு சந்தேகம். பரசுராமன் சார் இந்தக் கதையில் மிகச் சுலபமாக வில்லன் ஆகிக்கொண்டிருக்கிறார். மீட்டர், சட்டம், கைகூப்பு. எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நான் வாசித்த நாவல்களில் இப்படி ஒரு அதிகாரி வந்தால் கடைசி அத்தியாயத்தில் தனியாக அமர்ந்து அழுவார். இவர் அழ மாட்டார். ஆனால் போன மாதம் மீட்டரைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"என் பேத்திக்கு அப்போ ஆறு மாசம். வெளியூர்ல இருந்தாங்க. தினம் ஊத்துற பால்தான். நம்பி ஊத்தினாங்க. அதுல என்னமோ கலந்துட்டான். மூணு நாள் ஐசியூல வச்சிருந்தோம். பால்காரன் என்ன சொன்னான் தெரியுமா? 'எல்லாரும் கலக்குறதுதானே சார்.'"

"இப்போ எப்படி இருக்கா அங்கிள்?"

"யூகேஜி. பால் குடிக்க மாட்டேங்குறா."

அவ்வளவுதான். மீட்டரைப் பெட்டியில் வைத்து மூடினார். வில்லனை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெருவில் இடம் காலியாகவே இருக்கிறது. நீங்கள் யாரையாவது நினைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் பொறுங்கள், நானே ஒருவரைத் தருகிறேன்.

5

'நம்பிக்கைக் காணொளி' என்ற யோசனை ஆர்த்தியுடையது. மாடு கறக்கப்படுவதை நம் கண்ணால் பார்த்துவிட்டால் சந்தேகமே வராது. யார் எடுப்பது? எழுத வரும் பெண்ணுக்குப் படம் எடுக்கவும் வரும் என்று தெரு முடிவு செய்தது.

போன சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு அப்பாவின் வண்டியில் அடி அண்ணாமலை போனேன். அக்காவின் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. வெளிச்சம் அப்போதுதான் மலைத்தோளில் ஒரு—

(வேண்டாம். வெளிச்சம் வந்தது.)

"வா பாப்பா. காபி குடிக்கிறியா?"

"வேணாங்க்கா. வெளிச்சம் போயிடும்."

"வெளிச்சம் எங்க போவும், இப்பதான வருது" என்றார். "இன்னா மாதிரி எடுக்கணும்? நான் சிரிக்கணுமா?"

"நீங்க எப்பவும் பண்றத பண்ணுங்க. நான் இல்லைனு நெனச்சுக்கோங்க."

"நீ இருக்கியே. அது வேற முறைக்குது பாரு உன்னிய."

உண்மையிலேயே மாடு என்னை முறைத்தது. அக்கா அதன் கழுத்தைச் சொறிந்துவிட்டார். கன்றை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டினார். மடியைக் கழுவி, துணியால் துடைத்தார். பிறகு எவர்சில்வர் குவளையை எடுத்து, பக்கத்துத் தவலையிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளி அதற்குள் விட்டார். ஒரே கை. விட்டுவிட்டு, குவளையை முட்டிகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"தண்ணி எதுக்குக்கா?"

"வெறும் ஏனத்தோட மாட்டாண்ட போவ மாட்டோம். எங்க ஊட்ல அப்டிதான்."

"ஏன்?"

"ஏன்னா இன்னா சொல்றது. நீ காலைல எழுந்து வாசல்ல தண்ணி தெளிக்கல? அந்த மாதிரி. ஏனம் வெறுமனா இருந்தா மாட்டுக்குக் கண்ணு வச்ச மாதிரின்னுவாங்க. எனக்குக் கை பழகிப்போச்சு, அவ்ளதான்."

அந்தக் காட்சி எனக்குப் பிடித்துப்போனது. இதைத்தான் நான் உங்களிடம் சரியாக விளக்க வேண்டும். கொட்டகையின் தகர இடுக்கு வழியாக ஒரு கீற்று வெளிச்சம். அதற்கு நடுவே ஒரு கை. அதிலிருந்து விழும் தண்ணீர். ஏதோ தூரதேசத்து நாவலின் நாற்பதாம் பக்கத்தில் நான் நிற்பதுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மற்ற எல்லாவற்றையும் வெட்டிச் சுருக்கினேன். மடி கழுவியது இரண்டு நொடி, துடைத்தது ஒரு நொடி, கறந்தது எட்டு நொடி. தண்ணீரை மட்டும் ஸ்லோ மோஷனில் வைத்தேன். அரை நொடியில் நடந்தது பதினோரு நொடி ஆனது. பின்னால் புல்லாங்குழல் சேர்த்தேன்.

மாலையில் குழுவில் போட்டேன்.

6

முதல் பத்து நிமிடம் ஒன்பது இதயங்கள் வந்தன. "எடிட்டிங் செம" என்றாள் ஆர்த்தி. "மாடு சந்தோஷமா இருக்கா? முகம் ஒரு மாதிரி இருக்கே" என்றும் கேட்டாள்.

பதினோராவது நிமிடம் ஏழாம் வீட்டுக்காரர்: "ஒரு சந்தேகம். பால் கறக்கறதுக்கு முன்னாடி அதுல என்ன ஊத்துறாங்க?"

பன்னிரண்டாவது நிமிடம் பரசுராமன் சார்: "தண்ணீர்."

அதன்பின் வந்தவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

"எவ்ளோ நிதானமா ஊத்துறா பாருங்க. பழகின கை."

"கேமரா முன்னாடியே இப்படின்னா?"

"ஊத்திக்கிட்டே இருக்கா. நிக்கவே மாட்டேங்குது."

"புல்லாங்குழல் வேற."

சார் தாளில் கணக்குப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினார். அவர் வாழ்நாள் முழுக்கக் குழாயில் வரும் தண்ணீரை நேரத்தால் அளந்தவர். 'ஊற்றிய நேரம்: 11 நொடி. மெல்லிய தாரை, நொடிக்கு 100 மி.லி. என்று குறைத்தே கொள்வோம். மொத்தம் 1.1 லிட்டர். குவளையின் கொள்ளளவு 3 லிட்டர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்.' கீழே இரண்டு கோடு. அதற்கும் கீழே: 'இன்று காலை மீட்டர் 28-க்கு மயிரிழை கீழே இருந்ததையும் கவனிக்கவும். வழக்கமாக 28½.'

மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் கலந்திருந்தால் அவருடைய மீட்டர் இருபதைக்கூடத் தொட்டிருக்காது. அதை அவரிடமே யாராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எண்ணை நம்பி ஒரு வருடம் வாழ்ந்த தெரு, கண்ணால் பார்த்ததும் எண்ணைக் கைவிட்டுவிட்டது.

நான் 'அது ஸ்லோ மோஷன் அங்கிள்' என்று தட்டினேன். அனுப்புவதற்கு முன் இன்னொரு இதயம் வந்தது. அழித்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை பன்னிரண்டு வீட்டு வாசலிலும் காலி பாட்டில்கள் வைக்கப்பட்டிருந்தன. கழுவி, மூடி போட்டு. வேடியப்பன் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, பாலோடு திரும்பிப் போனார். அன்றிலிருந்து தெரு முழுக்கப் பாக்கெட் பால். சார் அதையும் மிதக்கவிட்டார். முப்பது. "இதான் தரம்" என்று எழுதினார். அந்தப் பாக்கெட்டின் மாடு எது, அது எங்கே நிற்கிறது, அதன் முகம் எப்படி இருக்கிறது என்று ஆர்த்தி கேட்கவில்லை. பாக்கெட்டில் சிரிக்கும் மாடு அச்சடித்திருந்தது.

7

இந்த இடத்தில் கதைக்கு முடிவு வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவு அ. திங்கட்கிழமை மனு நாளில் மூன்று மாடுகளும் தாமாகவே கயிற்றை அறுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு வருகின்றன. வரிசையில் நிற்கின்றன. மூன்றாவது மாட்டின் மடியிலிருந்து வழிந்த பால் கிரிவலப் பாதை முழுக்க ஓடுகிறது. சாமியார்கள் கமண்டலத்தில் பிடிக்கிறார்கள். பரசுராமன் சார் நடுரோட்டில் மண்டியிட்டு மீட்டரை மிதக்கவிடுகிறார். அது அமிழவே இல்லை.

(நான் வாசித்த நாவல்களில் இது நடக்கும். இங்கே டிராபிக் போலீஸ் விடமாட்டார்.)

முடிவு ஆ. மாடுகள் விற்கப்படுகின்றன. அக்கா மறுபடியும் பௌர்ணமிக்குத் தோசை சுடுகிறார். அந்தக் கடையில் என் தெருவாசிகள் டீ குடிக்கிறார்கள். பௌர்ணமி அன்று மட்டும் யாருக்கும் எந்தப் பாலிலும் சந்தேகம் வருவதில்லை.

(இது நடக்கும். அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.)

முடிவு இ. ஆர்த்தி வேலையை விட்டுவிட்டு 'ஒரு கை' என்ற நிறுவனம் தொடங்குகிறாள். மலையடிவாரத் தண்ணீர் ஒரு கை சேர்த்து, பழைய முறைப்படி கறந்த பால், கண்ணாடி பாட்டிலில், மூன்று மடங்கு விலை. பெங்களூருக்கு விமானத்தில் போகிறது. சீக்கிரமே வாடிக்கையாளர்கள் தண்ணீரின் தரத்தை எதிர்பார்க்கத் தொடங்குகிறார்கள். ஒரு நாள் பரசுராமன் சார் குழுவில் எழுதுகிறார்: 'இன்று தண்ணீர் கம்மி. பாலை அதிகம் கலந்து ஏமாற்றுகிறார்கள்.'

(இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்தாள். பிறகு, "நிஜமாவே அப்படி ஒண்ணு வருதா? என்ன வெல?" என்று கேட்டாள்.)

8

உங்களிடம் ஒன்றை இவ்வளவு நேரமாகச் சொல்லாமல் இருக்கிறேன். ஐந்தாம் பகுதியில் 'ஒரே கை' என்று எழுதியிருக்கிறேன். திரும்பிப் போய்த் திருத்தலாம். திருத்தாமல் இங்கே சொல்கிறேன்.

வெட்டாத மூலக் காணொளி என் போனில் இருக்கிறது. நான்கு நிமிடம். அதில் அக்கா ஒரு கை தண்ணீர் விடுகிறார். விட்டு உட்காரப் போகும்போது ஒரு குரல் கேட்கிறது: "அக்கா, இன்னொரு தடவ ஊத்துங்க. கை மேல வெளிச்சம் விழல." அவர் நிமிர்ந்து இன்னொரு கை விடுகிறார். "கொஞ்சம் ஒசத்திப் புடிங்கக்கா." மூன்றாவது கை. மூன்றாவதுதான் தெரு பார்த்தது. குரல் என்னுடையது.

மாடு கன்றைத் தேடிக் கத்திக்கொண்டிருந்ததால் குவளையைக் கவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்க நேரமில்லை. அவர் அப்படியே கறந்துவிட்டார். அந்தக் குவளைப் பால்தான் பரசுராமன் சாரின் பாட்டிலுக்குப் போனது. அவர் மீட்டர் இறங்கிய மயிரிழை நான்.

நேற்று, வெள்ளிக்கிழமை மதியம், அக்கா தெருவுக்கு வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் நின்று பேசினார் என்று சொல்ல ஆசை. எந்த வீட்டிலும் கதவு திறக்கவில்லை. எங்கள் வீட்டில் நான் திறந்தேன். அம்மா சமையலறையில் குழாயைத் தேவைக்கு மேல் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சாரு கணக்கப் பாத்தேன்" என்றார் அக்கா. "யாரோ அனுப்புனத வேடியப்பன் போன்ல காட்டுச்சு. ஒரு லிட்டராம். ஒரு லிட்டர் தண்ணி ஊத்தினா அது பாலா இருக்குமா பாப்பா? கழனித் தண்ணி மாதிரி இருக்கும். இத்தினி படிச்சவங்களுக்கு அது தெரியாதா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா?"

வெயில் தெருவில் தகதகவென்றிருந்தது. அவர் முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டார்.

"நான் மூணு தடவ ஊத்தச் சொன்னத நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லலக்கா?"

"நீ சொல்லுவன்னு பாத்தேன்."

குழாய்ச் சத்தம் நின்றது. அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"தண்ணி நான் ஊத்தறதுதான்" என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "ஒரு கை. ஒம்பது வருசமா. அத நான் மறைக்கல, நீ கேட்டப்ப சொன்னேன். வேணாம்னா வேணாம்னு சொல்லிக்கட்டும், துணியால தொடைச்சுட்டுக் கறக்கறேன். ஏனத்துக்குக் கோவம் வந்தா நான் பாத்துக்கறேன். ஒரு கை என்னுது. மீதி ரெண்டு கை உன்னுது. உன்னுதுக்கு நான் ஏன் மாட்ட விக்கணும்?"

"தரகர் திங்கக்கிழமை வர்றாரா?"

"வர்றான். செவல மாட்ட மட்டும் மொதல்ல கேக்கறான். கன்னு அவனுக்கு வேணாமாம்."

அவர் தெருவைக் கடைசி வீடு வரை ஒருமுறை பார்த்தார்.

"உங்க ஓட்டெல்லாம் எனக்குப் புரியாது. ஆ, ஈனு போட்டுக்கினு. நான் ஞாயித்துக்கிழம காலைல ஒருதரம் பாலோட வருவேன். ஆறே காலுக்கு. பாட்டில்லாம் என்கிட்டயே இருக்குது, எடுத்தார மாட்டேன். யாருக்குப் பால் வேணுமோ அவங்க கேட்டுல ஒரு ஏனத்த மாட்டி வைக்கட்டும். மாட்டி இருந்தா ஊத்துவேன். இல்லனா போய்க்கினே இருப்பேன். கதவத் தட்ட மாட்டேன்."

போகும்போது ஒன்று சொன்னார்.

"பாப்பா, அந்தப் படத்துல நான் நல்லாதான் இருந்தேன்."

9

இது இங்கே முடியலாம். நான் வாசிக்கும் நாவல்கள் பெரும்பாலும் இப்படி ஒரு வாக்கியத்தில்தான் முடிகின்றன. நானும் பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே புரிந்தது, மறுபடியும் அதே வேலையைத்தான் செய்கிறேன். வெளிச்சம் சரியாக விழும் இடத்தில் அக்காவை நிறுத்திவிட்டு நான் நகரப் பார்க்கிறேன்.

ஆகவே முடிவு கிடையாது. இப்போது சனிக்கிழமை மாலை நான்கு மணி. இந்தக் கதையையும், அதோடு நான்கு நிமிட மூலக் காணொளியையும், குரல் வெட்டாமல், புல்லாங்குழல் இல்லாமல், 'தூய பால்' குழுவில் போடப்போகிறேன். பரசுராமன் சார், நூறு சொல்லைத் தாண்டிவிட்டேன், மன்னிக்கவும். உங்கள் கணக்கில் நொடிக்கு நூறு என்பதும் பெருக்கலும் சரி. பதினோரு நொடிதான் என்னுடையது. உங்கள் பேத்தியின் மூன்று நாளை நான் மறக்கவில்லை. கேள்வி கேட்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. உங்கள் மீட்டரை நாளை என்னிடம் ஒருமுறை கொடுங்கள். ஆறாத பாலில் ஒன்று, ஆறிய பாலில் ஒன்று என்று இரண்டையும் சேர்ந்து பார்க்கலாம்.

மற்றவர்களுக்கு: நீங்கள் பன்னிரண்டு வீட்டில் ஒருவரானால், உங்களுக்குப் பதினான்கு மணி நேரம் இருக்கிறது. பாக்கெட்டே போதும் என்று தோன்றினால் அதுவும் ஒரு முடிவுதான். அதை நான் எழுதித் தர வேண்டியதில்லை. அக்கா தட்டாமல் கடந்துபோவார். நீங்கள் வேறு ஊரில், வேறு தெருவில் இதை வாசிப்பவரானால், உங்கள் காபியில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று உங்களைக் கேட்கப் போவதில்லை. எனக்கும் அது தெரியாமல்தான் இருபத்துநான்கு வயது ஆனது.

அம்மா பின்னால் வந்து நின்றுகொண்டு கடைசிப் பக்கங்களை வாசித்துவிட்டாள்.

"அப்போ அந்தக் குரல் நீதானா?"

"ஆமாம்மா."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"குழுவில போட்டா தெரிஞ்சுடும்."

சமையலறை அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "கேட்டுல மாட்டறதுக்குக் கைப்பிடி வச்ச தூக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதுல உளுந்து போட்டு வச்சிருக்கேன்" என்றாள்.

உளுந்தை வேறு டப்பாவில் கொட்டிவிட்டு வருகிறேன்.